நேயர் விருப்பமும் அலைவரிசையின் விலையும்: ஹைதராபாத் வானொலியை முன்வைத்து

1. கேள்வி

ஹைதராபாத் மக்கள் எந்த மாதிரியான புதிய வானொலி நிலையத்தைக் கேட்க விரும்புவார்கள்? விளம்பரத் துறையிலும் ஊடகக் கருத்தரங்குகளிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. பதிலும் சிரமமில்லாமல் கிடைத்துவிடும். பழைய பாடல்கள், கஜல், கர்நாடக இசை, உள்ளூர்ச் செய்தி, பேச்சரங்கம், ஹைதராபாத் உருது வழக்கான தக்கனியில் நகைச்சுவை, பக்தி. மதுரையில் கேட்டாலும் கஜலுக்கும் தக்கனிக்கும் பதில் வேறு இரண்டைச் சேர்த்து இதே பட்டியலைத்தான் தருவார்கள்.

பட்டியல் கையில் இருக்கிறது; நிலையங்கள்தான் வரவில்லை. 2006ஐ ஒட்டி ஹைதராபாத்தில் ஒலிபரப்பைத் தொடங்கிய தனியார் பண்பலைகள் நான்கு: 91.1இல் ரேடியோ சிட்டி, 98.3இல் மிர்ச்சி, 92.7இல் பிக், 93.5இல் முதலில் எஸ் எஃப்.எம். என்றும் பிறகு ரெட் என்றும் அறியப்பட்ட நிலையம். நான்கையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு நிலையத்தை மற்றதிலிருந்து பிரித்தறிய அதன் ஜிங்கிளைத் தவிர வேறு துணை அநேகமாக இருந்ததில்லை. நேயர்கள் பலவற்றை விரும்பும் ஊரில் நான்கு பேர் ஒன்றையே விற்றது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை. நேயர் விருப்பத்தை ஆராய்வதைவிட அந்த விருப்பம் நிலையமாக மாறும் வழியில் நிற்கும் விலைகளையும் விதிகளையும் ஆராய்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

2. முன்கதை

ஹைதராபாத் வானொலி தனிமனித முயற்சியாகவே தொடங்கியது. நிஜாம் அரசின் தபால் தந்தித் துறையில் இருந்த மகபூப் அலி 1933இல் சிறு ஒலிபரப்பி ஒன்றை வைத்து அதை நடத்தினார். 1935இல் நிஜாம் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உருதுவை முதன்மையாகக் கொண்டு டெக்கான் ரேடியோ எனப்பட்ட அந்த நிலையத்தில்தான் 1948 செப்டம்பர் 17 அன்று இந்தியப் படையுடனான போர் நிறுத்தத்தை அறிவித்து நிஜாம் உஸ்மான் அலி கான் பேசினார். 1950 ஏப்ரல் 1இல் நிலையம் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. ஆட்சி மாறியபோது ஒலிபரப்பின் மொழிச் சமநிலையும் தெலுங்கை நோக்கி நகர்ந்தது. இவற்றில் எந்தக் கட்டத்திலும் நேயரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

நேயர் தம் விருப்பத்தைத் தாமே தெரிவித்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஓரங்கட்டினார். அதே ஆண்டில் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. நாடு முழுவதும் வானொலிப் பெட்டியின் முள் கொழும்பு பக்கம் திரும்பிவிட்டது. தமிழ் நேயர்களும் அதே நிலையத்தின் தமிழ் வர்த்தக ஒலிபரப்புக்கு அஞ்சலட்டைகளை எழுதிக் குவித்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபரில், அரசு விவித பாரதியைத் தொடங்கியது.

இதை மக்கள் ரசனையின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. விருப்பம் வெளிப்பட்டதற்கு முள்ளைத் திருப்ப இன்னோர் இடம் இருந்தது காரணம். கொழும்பில் ஒலிபரப்பி இல்லாமல் இருந்திருந்தால், மக்கள் சாஸ்திரிய சங்கீதத்தையே விரும்பிக் கேட்கிறார்கள் என்று அமைச்சகம் அறிக்கை எழுதியிருக்கக்கூடும்.

3. அளவுகோல் இல்லாத ஊர்

தனியார் வானொலி வந்தபின் நேயர்களை எண்ணும் தேவையும் வந்தது. டாம் மீடியா ரிசர்ச் 2007இல் தொடங்கிய ‘ராம்’ என்ற கணக்கெடுப்பு, தேர்ந்தெடுத்த நேயர்களிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார்கள் என்று குறிக்கச் சொல்லும் முறையில் அமைந்தது. அது நடந்த நகரங்கள் மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா. ஹைதராபாத் அந்தப் பட்டியலில் இல்லை, சென்னையும் இல்லை. தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்ட நான்கு நகரங்களில் தெற்கிலிருந்து ஒன்றுதான் இடம்பெற்றது.

ஆக ஹைதராபாத்தில் ‘நம்பர் ஒன்’ என்று எந்த நிலையம் சொல்லிக்கொண்டாலும் அதற்கு ஆதாரம், அவ்வப்போது நடக்கும் பொதுக் கணக்கெடுப்புகளும் நிலையங்கள் தாமே எடுத்துக்கொண்ட ஆய்வுகளும்தான். நிலையங்களின் இசை ஆய்வு நடக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. தொலைபேசியில் நேயரை அழைத்து, ஒரு பாடலின் சில விநாடிகளை ஓடவிட்டு, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா என்று கேட்பார்கள். ஏற்கெனவே ஒலிக்கும் பாடல்களுக்குள் தரம் பிரிக்க இது உதவும். ஒலிக்காத ஒன்றைப் பற்றி இது எதுவும் சொல்லாது. ‘உங்கள் பகுதியில் குடிநீர் எப்போது வரும் என்று காலை ஆறு மணிக்கு ஒருவர் உங்கள் பேச்சு வழக்கில் சொன்னால் கேட்பீர்களா?’ என்ற கேள்விக்குப் போட்டுக் காட்ட ஆறு விநாடித் துணுக்கு கிடையாது. நாட்குறிப்புக்கும் இதே குறை உண்டு. இருக்கும் நிலையங்களின் பெயர்களுக்கு மட்டுமே அதில் கட்டம் இருக்கும்.

4. நால்வரும் ஒரே பாட்டைப் பாடுவது ஏன்

இதற்கு எழுபது ஆண்டுக்கு முந்தைய விளக்கம் ஒன்று உண்டு. பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் 1952இல் வானொலிப் போட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஊரில் 100 நேயர்கள். 75 பேருக்குப் புதுப் படப் பாடல், 15 பேருக்குப் பழைய பாட்டும் கஜலும், 10 பேருக்குப் பேச்சு. முதல் நிலையம் 75 பேரைத் தேடிப் போகும். இரண்டாவது வந்தால் ஆளுக்கு 37. மூன்றாவது வந்தால் 25. நான்காவது வந்தாலும் 18க்கு மேல். கஜல் பக்கம் போனால் 15தான் கிடைக்கும். ஆகவே நால்வரும் புதுப்பாட்டிலேயே இருப்பார்கள். ஆறாவதாக வருபவருக்குத்தான் கஜல் லாபமாகத் தெரியும். பத்துப் பேர் கொண்ட பேச்சு ரசிகர்களின் முறை வருவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகும்.

எண்கள் நான் வைத்தவை. ஆனால் ஹைதராபாத்தில் முதலில் வந்த தனியார் நிலையங்கள் நான்கு என்பதைப் பொருத்திப் பார்த்தால் கணக்கு பொய்க்கவில்லை.

ஸ்டைனரின் முடிவு போட்டியை நம்புவோருக்குக் கசப்பானது. நான்கு அலைவரிசைகளும் ஒரே முதலாளியிடம் இருந்தால், அவர் தன் நேயரைத் தானே பங்கு போட்டுக்கொள்ள மாட்டார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூட்டத்துக்குத் தருவார். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் வானொலி நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கியதை ஆராய்ந்த ஸ்டீவன் பெரி, ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் (2001), நிலையங்களின் உரிமை ஒரு சிலரிடம் குவிந்தபோது நிகழ்ச்சி வகைமை கூடியது என்று கண்டார்கள். இந்தியாவிலும் தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நகரில் மொத்த அலைவரிசைகளில் 40 விழுக்காடு வரை ஒரே நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பைத் தளர்த்தியது. 2015 அலைவரிசை ஏலத்தில் மிர்ச்சி ஹைதராபாத் உட்படப் பல நகரங்களில் இரண்டாவது அலைவரிசையைப் பெற்றது. அவற்றுள் பல நகரங்களில் அது ‘மிர்ச்சி லவ்’ என்று பிறந்தது. கோட்பாடு மெய்யானதுதான். ஆனால் புதுப்பாட்டிலிருந்து காதல் பாட்டுக்கு நகர்ந்ததை வகைமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. திரைப்பாடல் என்ற வட்டத்துக்குள்ளேயே ஓர் அடி நகர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே.

அந்த வட்டத்தை விட்டு வெளியேற முடியாததற்குக் காரணம் செலவு. தனியார் நிலையத்தின் ஒரு மணி நேரத்தை ‘கிளாக்’ என்பார்கள். வட்டமாக வரைந்த கடிகாரத்தில் பாடல், விளம்பரம், ஆர்.ஜே.யின் இடைப்பேச்சு, நிலையத்தின் பெயர் சொல்லும் துணுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடம் குறித்திருக்கும். எந்தப் பாடல் எத்தனை மணிக்கு ஒருமுறை திரும்ப வரவேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆர்.ஜே. அந்த ஒரு மணி நேரத்தில் பேசுவதை மொத்தமாகச் சேர்த்தாலும் சில நிமிடம்தான் வரும். இப்படி ஓர் இரவு முழுவதையும் ஆளே இல்லாமல் கணினியை வைத்து ஓட்டிவிடலாம். பாடலுக்கான உரிமத்தொகையும் 2010இல் பதிப்புரிமை வாரியத்தின் ஆணையால் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு என்று இறங்கியது. ஒரு மணி நேரப் பேச்சு நிகழ்ச்சிக்கோ எழுதுபவர், செய்தி திரட்டுபவர், அழைப்புகளைச் சலித்து அனுப்புபவர் எல்லாரும் வேண்டும். பாட்டு மலிவு, பேச்சு விலை.

இதற்கு மேல் அலைவரிசையின் விலை. 2015 ஏலத்தில் டெல்லியில் ஒரே ஓர் அலைவரிசை 169 கோடி ரூபாய்க்குப் போனது. ஹைதராபாத் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பெருநகரங்களின் ‘ஏ’ பிரிவில் இருப்பதால் நுழைவுத்தொகை சிறு முதலீட்டாளரின் கைக்கு எட்டாது. ஆண்டுக் கட்டணத்தையும் அந்த நுழைவுத்தொகையோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். வருமானம் குறைந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே ஆகவேண்டும். கோடிகளைக் கொட்டி அலைவரிசையை எடுத்தவர் பதினைந்து விழுக்காடு நேயரைக் குறிவைத்துப் பரிசோதனை செய்யமாட்டார். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களுக்கு இந்த முடிச்சை அவிழ்த்து, மொத்த வருவாயில் 4 விழுக்காடு என்று கட்டணத்தை எளிமையாக்கியது. ஏற்கெனவே நிலையங்கள் உள்ள ஹைதராபாத் அந்தப் பட்டியலில் வராது.

5. விருப்பத்துக்கு வேறு சாட்சிகள்

கணக்கெடுப்பு கைவிட்டாலும் விருப்பத்தின் தடயங்கள் வேறிடங்களில் கிடைக்கின்றன. மக்கள் எதற்குக் கைக்காசைச் செலவழித்தார்கள் என்று பார்ப்பது ஒரு வழி.

வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலி இந்தியாவில் சந்தா வாங்கிக்கொண்டு விளம்பரத் தொல்லை அதிகமில்லாத நிலையங்களை நடத்தியது. கர்நாடக இசைக்கு ‘ஸ்ருதி’, இந்துஸ்தானிக்கு ‘காந்தர்வ்’, உருது கஜலுக்கு ‘ஃபலக்’, தெலுங்குக்கு ‘ஸ்பந்தனா’, தமிழுக்கு ‘கே.எல். ரேடியோ’. மேலே சொன்ன பட்டியலில் பாதி அங்கே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தாய் நிறுவனம் 2008இல் திவாலாகி, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவை நின்றது. இதை ‘இத்தகைய நிலையங்களுக்கு நேயர் இல்லை’ என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. செயற்கைக்கோள் செலுத்தி, தனிக் கருவி விற்று நடத்திய வியாபாரத்தின் கடன், கஜல் நேயரின் எண்ணிக்கையைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

2017இல் வந்த சரிகம நிறுவனத்தின் கார்வான் இன்னொரு சாட்சி. பழைய டிரான்சிஸ்டரின் உருவம், உள்ளே ஐயாயிரம் பழைய பாடல்கள், விலை சில ஆயிரம் ரூபாய். தமிழ்ப் பதிப்பும் வந்தது. பெற்றோருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்த மகன்களும் மகள்களும் உண்மையில் வாங்கியது, பண்பலையில் கிடைக்காமல்போன ஒரு நிலையத்தை. பெங்களூருவில் அகில இந்திய வானொலியின் ‘அம்ருதவர்ஷிணி’ சாஸ்திரிய இசைப் பண்பலையின் தனி அடையாளத்தை 2018இல் ‘ராகம்’ சேவைக்குள் கரைக்க முற்பட்டபோது நேயர்கள் மனு எழுதிக் கிளம்பியதையும் இதோடு சேர்க்கலாம். வாய்ப்பை ஒருமுறை தந்துவிட்டுப் பறித்தால்தான் அதற்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெரியவரும்.

ஆனால் இந்தச் சாட்சிகள் எல்லாம் இசையைப் பற்றியவை. இசையைப் பொறுத்தவரை வானொலிக்கு இருந்த தேவை பெரும்பாலும் கைபேசிக்குப் போய்விட்டது. இன்று யாராவது ஹைதராபாத்தில் கஜலுக்கென ஒரு நிலையம் தொடங்கினால் பாராட்டலாம். அது பத்தாண்டு பிந்தி வந்த நிலையமாகவே இருக்கும். மூன்றாவது சாட்சியை இதனால்தான் மற்றவற்றைவிட மேலாக மதிக்கிறேன். அது தொலைக்காட்சியிலிருந்து வருகிறது.

2012இல் தொடங்கிய வி6 அலைவரிசையின் ‘தீன்மார்’ செய்தித் தொகுப்பில் தெலங்கானாப் பேச்சு வழக்கிலேயே அன்றைய செய்திகளைச் சொன்னார்கள். ‘பித்திரி சத்தி’ என்ற பாத்திரம் அப்பாவி நாட்டுப்புறத்தானாக நின்று அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கேலி செய்தது. அதுவரை தெலுங்கு ஊடகம் அந்த வழக்கைத் திரைப்பட நகைச்சுவைக்கும் வில்லனுக்கும் ஒதுக்கி வைத்திருந்தது. தனி மாநிலம் பிறந்த காலத்தில் அதே வழக்கு செய்தி வாசிக்கத் தொடங்கியது. வீடுகளில் அந்நேரத்துக்குத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் கூடியது. இந்த நிகழ்ச்சிக்குப் படம் அவசியமே இல்லை. குரலும் கிண்டலும் உள்ளூர்த் தகவலும்தான் அதன் சரக்கு. வானொலிக்கென்றே பிறந்த வடிவம் தொலைக்காட்சிக்குப் போனதற்குக் காரணம் சட்டம். தனியார் பண்பலையில் செய்தி கூடாது.

2011ஆம் ஆண்டு மூன்றாம் கட்டக் கொள்கை அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம் என்றது. போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்சாரம், தேர்வு, விளையாட்டு ஆகியவை ‘செய்தி அல்ல’ என்று வகுத்து அவற்றுக்கு இடம் தந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மணிக்குப் பத்து நிமிடம் செய்தியை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வரவேற்கத் தக்கதே. ஆனாலும் இரு சக்கர வாகனத்தில் மூலைக்கு மூலை போகும் ஒரு நிருபரைப் பத்து நிமிடத்துக்காக எந்த நிலையம் வேலைக்கு வைக்கும்? நாளேட்டுத் தலைப்பை வாசித்து முடித்துவிடுவார்கள் என்றே தோன்றுகிறது. செய்தியையும் பேச்சையும் மட்டுமே கொண்ட நிலையத்துக்குத் தனி அனுமதி வகுப்பதே சரியான மாற்றம்.

6. தக்கனி என்ற விடுபடல்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹைதராபாத் மாவட்டத்தில் பத்தில் நான்கு பேருக்கு மேல் உருதுவைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள். 2017இல் தெலங்கானா முழுவதற்கும் உருது இரண்டாவது ஆட்சிமொழி ஆயிற்று. ‘சியாசத்’, ‘முன்சிஃப்’, ‘எதெமாத்’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட உருது நாளேடுகளை இந்த ஊர் தாங்குகிறது. காசு கொடுத்துப் படிக்கும் கூட்டம் இருக்கிறது என்பது இதிலேயே தெளிவு. ஆனால் 2006ஐ ஒட்டி வந்த நான்கு தனியார் நிலையங்களில் ஒன்றுகூட உருதுவைத் தன் முதன்மை மொழியாகக் கொள்ளவில்லை. அகில இந்திய வானொலியின் ‘நைரங்’ உருது நிகழ்ச்சிதான் பல தலைமுறை நேயர்களுக்குப் புகலாக இருந்தது.

இந்திப் படப் பாடல் போட்டாலே உருது நேயருக்குப் போதும் என்பது வியாபாரிகளின் வாதம். பாட்டைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. பேச்சைப் பொறுத்தவரை இல்லை. சார்மினாரைச் சுற்றியுள்ள பழைய நகரத்தின் அன்றாடப் பேச்சு தக்கனி. மறுப்பதற்கு ‘நக்கோ’, ஆமோதிப்பதற்கு ‘ஹௌ’. வானொலியில் அந்தப் பேச்சுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் சிரிக்கவைப்பது. அதே மொழியில் ஒரு மருத்துவர் சர்க்கரை நோயைப் பற்றியும், ஒரு வழக்கறிஞர் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியும், நேயர்கள் அழைத்துக் கேட்கக் கேட்க, தினமும் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஹைதராபாத்துக்கு நான் பரிந்துரைக்கும் முதல் புதிய நிலையம் அதுதான். பழைய நகரத்தின் வாங்கும் சக்தியை விளம்பரதாரர்கள் குறைத்து மதிப்பிடும்வரை ஏலத்தின் வழியாக அது வராது.

7. ஏலத்துக்கு வெளியே

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை அரசாங்கத்தைவிட முன்னதாகப் புரிந்துகொண்டவர்கள் ஹைதராபாத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில், ஜஹீராபாத் பக்கத்துக் கிராமங்களில் இருந்த தலித் பெண்கள். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த இவர்கள், 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியால் மாச்சனூரில் ஒலிப்பதிவுக்கூடத்தைப் பெற்றுவிட்டார்கள். ஒலிபரப்ப உரிமம் இல்லை. அதனால் பதிவு செய்த கேசட்டுகளை ஊர் ஊராக எடுத்துப்போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். 2000 ஜூலையில் அருகிலுள்ள பஸ்தாபூரில் கூடிய மாநாடு சமூக வானொலிக்கு உரிமை கோரிப் பிரகடனம் வெளியிட்டது. கல்வி நிலையங்களுக்கு முதலில் கதவு திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்.எம். வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 இறுதியில்தான் அனுமதி. சங்கம் ரேடியோ 90.4இல் ஒலித்தது 2008 அக்டோபர் 15 அன்று.

இரவு சமையல் முடியும் நேரத்தில் ஒலித்த அதன் சரக்கைப் பாருங்கள்: சிறுதானிய விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் இட்டுக் காப்பது, நாற்று நடும்போது பாடும் பாட்டு, ஆட்டு நோய்க்கு மூலிகை, சங்கக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம். எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த நிகழ்ச்சி வகைக்குப் பெயர் இருந்திருக்காது. கேட்பவர்களும் நடத்துபவர்களும் ஒருவரே என்பதால் விருப்பத்தைக் கேட்டறியும் தேவையே அங்கே எழவில்லை. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசையும் இதே ரகம். மீனவருக்குக் காற்றின் வேகத்தையும் கடலின் நிலையையும் சொல்வதே அங்கே தலையாய நிகழ்ச்சி.

இந்த இயக்கத்தின் வரலாற்றை ‘அதர் வாய்சஸ்’ (2007) என்ற நூலாக எழுதிய வினோத் பாவராலா, காஞ்சன் மாலிக் இருவரும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தினர். அதே பல்கலைக்கழகம் ‘போல் ஹைதராபாத்’ என்ற வளாக வானொலியையும் நடத்துகிறது. சமூக வானொலியின் ஆற்றலைப் பற்றி அவர்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடு உண்டு. நகரத்துக்கு அது போதுமா என்பதில்தான் ஐயம். 100 வாட், முப்பது மீட்டர் கோபுரம் என்ற வரம்புக்குள், பல்கலைக்கழக வளாகம் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து புறப்படும் ஒலி பழைய நகரத்தைத் தெளிவாகச் சென்றடையாது. செய்திக்குத் தடை இவர்களுக்கும் உண்டு.

8. செகந்திராபாத்தின் தமிழ் நேயர்

இக்கட்டுரையை வாசிப்பவர்களில் சிலர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. கன்டோன்மென்ட்டின் மதராஸ் படைகளோடும் பிறகு ரயில்வேயோடும் செகந்திராபாத்துக்கு வந்த தமிழர்கள் பல தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். பத்மராவ் நகரின் ஸ்கந்தகிரி கோயிலில் கிருத்திகைக்கு நின்று பார்த்தால் இது விளங்கும். அவர்களுக்கு ஒரு தமிழ் நிலையம் வேண்டாமா?

முழு அலைவரிசை ஒன்றைக் கேட்பது நியாயமில்லை. ஸ்டைனர் கணக்கில் அவர்களின் முறை என்றைக்கும் வராது. பொதுப் பணத்தில் நடத்தலாம் என்றால் சிங்கப்பூரின் தமிழ் நிலையமான ஒலி 96.8க்கு இருப்பதுபோல் ஆட்சிமொழித் தகுதியும் இங்கே இல்லை. டொராண்டோவின் வழி கூடுதல் பொருத்தம். அங்கே 1966இல் தொடங்கிய சின் ரேடியோ, ஒரே அலைவரிசையை மணிக்கணக்கில் பிரித்துப் பல மொழியினருக்குக் கொடுத்தது. பின்னாளில் 2004இல் வந்த சி.எம்.ஆர். 101.3இலும் தமிழ், வேறு தெற்காசிய மொழிகளோடு நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. தமக்கென நிலையம் கிடைக்குமுன் தமிழர்கள் தனிக் கருவி வாங்கித் துணை அலைவரிசையில் கேட்ட காலமும் அங்கே உண்டு.

ஹைதராபாத்தில் ஓர் அலைவரிசையை ஏலத்திலிருந்து விலக்கி, நுழைவுத்தொகை இல்லாமல், மணிக்கணக்கில் மொழிவாரியாகப் பகிர்ந்தளிக்கும் உரிமமாக வழங்கலாம். தற்போதைய கொள்கையில் அதற்கு இடமில்லை. இடையில் உள்ள தொழில்நுட்பத் தடை பெரிதல்ல. ஒரே நகரில் இரு நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் விடுவதை 400 ஆகக் குறைக்கலாம் என்று டிராய் 2012லேயே பரிந்துரைத்தது. தக்கனிக்குப் பகலில் பெரும்பகுதி. மராத்திக்கும் கன்னடத்துக்கும் தமிழுக்கும் தலா ஒரு மணி. மேற்குப் புறநகரின் கட்டட வேலைக்கு வந்த ஒடிய, போஜ்புரித் தொழிலாளர்களுக்கு இரவு எட்டுக்கு மேல். நேரத்தைப் பங்கிடும் குழுவில் யார் இருப்பது என்பதில் சண்டை வரும். பழைய தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளிடம் அந்த ஒரு மணியை ஒப்படைத்தால் அது பொன்னாடைப் படலமாக முடிய வாய்ப்புண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழை வீட்டில் மட்டும் பேசும் இளைஞர்களிடம் அந்த நேரத்தைக் கொடுத்தால் எந்தத் தமிழில் பேசுவார்கள், எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதைக் கருத்துக்கணிப்பு நடத்தி அறிய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒலிபரப்பியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.